நாற்பத்திரண்டாவது படம்

என் மகனுக்கு,

உன் கடிதமும் அதற்குள் மடித்து வைத்திருந்த பத்திரிகைத் துண்டும் திங்கட்கிழமை வந்து சேர்ந்தன. அதிலிருக்கிற விளம்பரத்தில் மூன்று கமராக்களின் மேல் பேனையால் சரி போட்டிருக்கிறாய். கல்யாணத்துக்குப் பிறகு அன்றாடம் படம் எடுக்க ஒரு சின்னக் கமரா வேண்டும், சட்டைப் பைக்குள் அடங்க வேண்டும், எதை வாங்கலாம் என்று நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறாய். தேயிலைத் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவில் இருபது வருஷமாக மூக்குச் சளி துடைத்தவளிடம் கேட்கிற கேள்வியா இது என்று முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு கடைசி வரியைப் படித்தேன். "அப்பாவின் படத்தை அழித்த அந்தப் பொலிஸ்காரனின் கையை நான் சாகும்வரை மன்னிக்க மாட்டேன், அதனால்தான் இத்தனை நாள் கமரா பக்கமே போகவில்லை" என்று எழுதியிருக்கிறாய். சிரிப்பு நின்றுவிட்டது. மூன்று நாளாக அந்தக் காகிதம் சாமி படத்துக்குக் கீழே கிடக்கிறது. விளக்கு வைக்கும்போதெல்லாம் கண்ணில் படுகிறது. எந்தக் கமரா வாங்கலாம் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. தொலைபேசியில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், நீயும் பாதியில் வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். கடைசி வரைக்கும் படி.

அந்தத் தீபாவளிக்கு நீ கொழும்பிலிருந்து வந்து பையிலிருந்து அதை எடுத்தபோது, "இதென்னாடா, சோப்புப் பெட்டியா?" என்று அப்பா கேட்டது ஞாபகம் இருக்கிறதா? உன்னோடு கடையில் வேலை செய்த பையனிடம் வாங்கிய பழைய கமரா. வெள்ளி நிறம், ஒரு மூலையில் நசுங்கல். அதுவரை எங்களுக்குப் படம் என்றால் ஹட்டன் ஸ்டூடியோதான். தலையைப் படிய வாரி, யாரோ ஒருவருடைய கோட்டைப் போட்டு, அடையாள அட்டைக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். நீ என்னடா என்றால் கோழியை எடுத்தாய், அடுப்பை எடுத்தாய், பீலியடியில் தண்ணீருக்குச் சண்டை போட்ட பெண்களை எடுத்தாய். என்னைப் பல் துலக்கும்போது எடுத்தாய். திட்டினேன். எடுத்ததை அந்த நிமிஷமே திரையில் காட்டியபோது கொஞ்சம் பிடித்தும் இருந்தது, அதை உன்னிடம் சொல்லவில்லை. ஒன்றையும் அழிக்க மாட்டாய், அது உன் பிடிவாதம். எங்கள் வாழ்க்கையில் படம் பிடிக்க என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தவளுக்கு, அந்த நாலைந்து நாளில் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் கிடக்கிற நம்முடைய லயம் கூடப் பார்க்கத் தகுந்த இடமாகத் தெரிந்தது.

தீபாவளிக்கு மறுநாள் நோட்டன் பிரிட்ஜில் அப்பாவின் அக்கா வீட்டுக்குப் போனோம். திரும்பும் வழியில் அணைக்கட்டுப் பக்கம் நின்றோம். படம் எடுக்கக் கூடாது என்று பலகை போட்டிருந்தது. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். யுத்த காலம், நாம் தமிழ் ஆட்கள், கரண்ட் எடுக்கிற அணை. மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு மழை விட்டு வெயில் அடித்தது. காவல்காரரும் கண்ணில் படவில்லை. அப்பாதான் கம்பியில் சாய்ந்துகொண்டு, "எடுடா, ஒரு நாளைக்கு எடுத்தா மலையா சரியப்போவுது?" என்றார். முன்பல் இரண்டு விழுந்த நாளிலிருந்து படத்துக்கு வாயைத் திறக்காத மனுஷன் அன்றைக்கு வாயெல்லாம் சிரிப்பாக நின்றார். வேண்டாம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அவர் அப்படிச் சிரித்ததைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். அது என் முதல் தப்பு. வீட்டுக்கு வந்த பிறகு அப்பா அந்தப் படத்தை எத்தனை தடவை கேட்டார்! "அந்த டேம் படத்தக் காட்டு, இன்னொரு தரம் காட்டு" என்று சின்னப் பிள்ளை மாதிரி உன் பின்னால் திரிந்தார்.

அதற்கு இரண்டு நாள் கழித்து பிள்ளைக்காம்பராவில் நிறுவை நாள். மிட்வைப் நோனா மாதம் ஒரு தரம் வந்து குழந்தைகளைத் தராசில் தொங்கவிட்டு நிறுத்து, அரசாங்கப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு போவார். சிங்களப் பெண், கோபக்காரி, ஆனால் நல்ல மனசு. வீரிட்டு அழுகிற குழந்தைகளைத் தூக்கித் தராசில் போடுவதற்கு நீ உதவிக்கு வந்தாய். "அம்மா, நீங்க ஒன்னு எடுங்க, இந்த பட்டனை அமுக்குனா போதும்" என்று கமராவை என் கையில் தந்தாய். அமுக்கினேன். உன் தலை பாதி வெட்டுப்பட்டு ஒற்றைக் கண்ணும் வாயும்தான் வந்தன. உன்னைத் தவிர மற்ற எல்லாம் ஒழுங்காக வந்திருந்தன. தராசு வந்தது, நோனாவின் முகம் வந்தது, பின்னால் நான் காலையில் சோக்கால் திகதியும் வந்த பிள்ளைகளின் எண்ணிக்கையும் எழுதிய கரும்பலகை முழுதாக வந்தது. நீ விழுந்து விழுந்து சிரித்தாய். இந்த ஒன்றை மட்டும் அழித்துவிடலாமா என்று கேட்டாய். "நான் எடுத்த ஒரே படம், அழிச்சா தெரியும் சேதி" என்றேன். நல்ல காலம், அன்றைக்கு என் பேச்சைக் கேட்டாய்.

கொழும்பு வழியில் சோதனைக்கு மேல் சோதனை என்பதால் கமராவை வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார் அப்பா. நீ போய் ஒன்பதாம் நாள் கடை முதலாளியிடமிருந்து செய்தி வந்தது. உன்னைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். கொழும்பில் ஏதோ நடந்திருக்கிறது, உன் சாடையில் ஒருவனை அங்கே கண்டதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்பா கட்டின சாரத்தோடு பஸ் ஏறினார். அவர் தலை மறைந்ததும் எனக்கு வந்த முதல் நினைப்பு உன்னைப் பற்றியதல்ல, அந்தக் கமராவைப் பற்றியது. அதற்குள் அணைக்கட்டு இருக்கிறதே! எடுத்துக்கொண்டு பிள்ளைக்காம்பராவுக்கு ஓடி, சத்துமா டின்னுக்குள் ஆழமாகப் புதைத்து மூடியை அழுத்தினேன். மறுநாள் காலை பொலிஸ் வந்தது. கொழும்பில் உன் அறையில் கமரா சார்ஜர் கிடந்திருக்கிறது. "கெமராவக் தியெனவத?" என்று கேட்டார்கள். "நே மாத்தயா", இல்லை ஐயா, என்றேன். இருந்த ஒரு அலமாரியைக் கவிழ்த்தார்கள், உன் பழைய கொப்பிகளை அள்ளினார்கள், போனார்கள். அவர்கள் போன பிறகு பிள்ளைகளுக்குச் சத்துமா கரைத்துக் கொடுத்தேன். கமரா இருந்த டின்னை மட்டும் திறக்கவில்லை.

நான்காம் நாள் அப்பா திரும்பி வந்தார். உன்னைப் பார்க்க விட்டிருக்கிறார்கள், ஐந்து நிமிஷம். உன் உதடு வெடித்திருந்ததாம். அதை அவர் எனக்குச் சொல்லாமல் மறைத்து, பிறகு சாப்பிடும்போது தட்டைத் தள்ளிவிட்டுச் சொன்னார். அவர்கள் கேட்கிற அந்த நாளில் நீ எங்கே இருந்தாய் என்பதுதான் முழுப் பிரச்சினை. அதற்கு நீ அப்பாவின் காதுக்குள் சொல்லி அனுப்பிய பதில் ஒன்றுதான். "அம்மா எடுத்த தலையில்லாத படம்." அந்த நாள்தான் நிறுவை நாள். மிட்வைப் நோனாவைத் தேடிப் போய்க் கேட்டோம். புத்தகத்தைப் புரட்டி, அன்றைக்கு உங்கள் தோட்டத்துக்கு வந்தது உண்மை என்றார். யாரோ ஒரு பையன் பிள்ளைகளைத் தூக்கித் தந்ததும் ஞாபகம் இருக்கிறது, ஆனால் இந்தப் பையன்தான் என்று சத்தியம் பண்ண முடியாது, மாதத்துக்கு எத்தனை தோட்டம் போகிறேன் என்றார். படத்தைக் காட்டினால் எந்த இடத்துக்கும் வந்து சொல்வேன் என்றும் சொன்னார்.

இப்போது விளங்குகிறதா, மகனே, நான் மாட்டிக்கொண்டு நின்ற இடம்? உன்னை வெளியே எடுக்கிற படமும் உன்னை உள்ளேயே வைக்கிற படமும் ஒரே சோப்புப் பெட்டிக்குள் இருந்தன. அப்பா சொன்னார், "அப்படியே கொண்டுபோய் குடுத்துருவோம் புள்ள. டேம் படத்துல நிக்கிறது நான்தானே. என்னையக் கேக்கட்டும், நான் பதில் சொல்லிக்கிறேன்." எப்படிப் பதில் சொல்வார் என்று எனக்குத் தெரியாதா? நான்தான் எடுக்கச் சொன்னேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுவார். உன்னை விட்டுவிட்டு அவரை வைத்துக்கொள்வார்கள், அல்லது இரண்டு பேரையும் வைத்துக்கொள்வார்கள். இருமினால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருகிற மனுஷன். "யோசிப்போம்" என்று மட்டும் சொன்னேன். அப்போதே முடிவு பண்ணிவிட்டேன்.

அடுத்த நாள் டின்னைக் கையில் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து படிப்பித்துக்கொண்டிருந்தாரே ஒல்லியான சேர், கணக்குப் பாடம், கமரா கொம்பியூட்டர் எல்லாம் தெரிந்தவர், அவரிடம். இடைவேளை நேரம், வகுப்பில் யாரும் இல்லை. மாவைத் தட்டிக் கமராவை எடுத்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. ஒரு படத்தை மட்டும் அழித்துத் தாருங்கள் என்றேன். சுவரோடு ஒட்டிக்கொண்டார். "அக்கா, குறை நினைக்காதேங்கோ, இதை நான் தொட ஏலாது. நாளைக்கு ஆர் அழிச்சது எண்டு ஒரு கேள்வி வந்தால் யாழ்ப்பாணத்து ஆள் எண்டு என்ரை பேர்தான் முதல் வரும்" என்றார். கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதும் பொய்யில்லை. "அப்ப வாயால சொல்லுங்க சேர், நான் அமுக்குறேன்" என்றேன். வாசல் பக்கம் போய் நின்று, வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்.

திரை வெளிச்சம் வந்ததும் மூலையில் பற்றரி அடையாளம் சிவப்பாக விட்டுவிட்டு மின்னியது. சார்ஜர் கொழும்பில் பொலிஸிடம் இருந்தது. சிவப்பு மின்னுகிறது என்றேன். "கெதியாச் செய்யுங்கோ அக்கா, நிண்டுடும்" என்றார் சேர். கோழி வந்தது, அடுப்பு வந்தது, பல் துலக்குகிற நான் வந்தேன். நாற்பத்திரண்டு என்ற இலக்கத்தோடு அப்பா வந்தார். குப்பைத்தொட்டி மாதிரிப் போட்டிருக்கிற பட்டனை அமத்துங்கோ என்றார் சேர். அமுக்கினேன். இங்கிலீஷில் இரண்டு வரி வந்தது. சேர் வாசலில் நின்றபடியே கழுத்தை மட்டும் நீட்டிப் பார்த்தார். "மேலை இருக்கிறது இந்த ஒண்டு மட்டும். கீழை இருக்கிறது எல்லாப் படமும். வடிவாப் பாத்து அமத்துங்கோ, கீழை போனால் எல்லாம் போயிடும்." எல்லாம் போனால் நீயும் போவாய். அந்த இரண்டு வரிக்கும் பின்னால் அப்பா சிரித்துக்கொண்டே நின்றார். ஒரு நிமிஷம் பார்த்துக்கொள்கிறேன் என்று சேரிடம் கேட்க வாய் வரவில்லை. சிவப்பு மின்னிக்கொண்டே இருந்தது. மேல் வரியில் விரலை வைத்து அமுக்கினேன். அப்பா இருந்த இடத்துக்குப் பக்கத்து வீட்டு ஆடு வந்து நின்றது, அது நீ அடுத்து எடுத்த படம். கமராவை அணைத்து மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளைகள் உட்காருகிற வாங்கில் உட்கார்ந்து அழுதேன். சேர் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். அவரும் அழுதாரோ என்னவோ, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்பாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரையும் மிட்வைப் நோனாவையும் கூட்டிக்கொண்டு கொழும்பு பொலிஸுக்குப் போனேன். அவரை வெளியே வாங்கில் உட்காரவைத்துவிட்டு என்னையும் மிட்வைப் நோனாவையும் மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். பயத்தில் மா டின்னில் ஒளித்தேன் என்று அங்கே பொறுப்பாக இருந்த பொலிஸ் பெரியவரிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் கமராவை வாயால் ஊதினார், மேசையெல்லாம் மா. சார்ஜரைச் சொருகி ஒவ்வொரு படமாகப் பார்த்தார். அதில் விழுந்திருந்த திகதி என்னவென்று தெரியுமா? இரண்டு வருஷம் பின்னால்! நீ திகதியைச் சரிசெய்யவே இல்லை. பெரியவர் திகதியைக் காட்டி நோனாவைப் பார்த்தார். நோனா தன் புத்தகத்தைத் திறந்து கரும்பலகைக்கு நேரே வைத்தார். பலகையில் என் கையெழுத்தில் திகதியும் பதினாலு பிள்ளையும், புத்தகத்திலும் அதே திகதி, அதே பதினாலு பேர். உன்னைக் கூட்டிவந்து ஒற்றைக் கண்ணையும் வாயையும் ஒத்துப் பார்த்தார்கள். "ஒவ், மே லமயா தமய்" என்று நோனா மேசையில் தட்டிச் சொன்னார், ஆமாம், இதே பையன்தான் என்று. உன்னைத் திரும்பக் கூட்டிப் போனார்கள். முடிந்தது என்று மூச்சு விட்டேன். அப்போதுதான் அவர் படங்களைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு போய், ஓரிடத்தில் நிறுத்தினார். நாற்பத்தொன்று. அடுத்தது நாற்பத்து மூன்று. தலையை நிமிர்த்தாமலே கேட்டார், "ஹதலிஸ் தெக கோ?"

நாற்பத்திரண்டு எங்கே என்று கேட்கிறார். இலக்கம் விடுபடும் என்று சேர் சொல்லவில்லை, அவருக்கும் தோன்றியிருக்காது. எனக்குத் தெரிந்த சிங்களத்தையெல்லாம் கூட்டிப் பிடித்து, "மம கத்தே மாத்தயா. ஒளுவ கெபிலா. மெக்குவா" என்றேன். நான் எடுத்தது, தலை வெட்டுப்பட்டது, அழித்துவிட்டேன். என்னைப் பார்த்தார். நோனாவுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் உன்னுடைய அரைத் தலைப் படத்தை நினைத்தோ என்னவோ களுக்கென்று சிரித்துவிட்டார். பெரியவரும் அந்தப் படத்தை இன்னொரு தடவை பார்த்தார். அவர் உதடும் கோணியது. கமராவை என் கையில் திருப்பித் தந்தார். தருவதற்கு முன் அதில் திகதியைச் சரியாகப் போட்டும் தந்தார். இரண்டு நாளில் உன்னை விட்டார்கள். உன்னை அடித்தவர்களுக்காக நான் பேசவில்லை, அவர்களை என்னாலும் மன்னிக்க முடியாது. ஆனால் அப்பாவின் படத்தை அழித்தவன் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிற மனுஷன் ஒரு படத்தைக்கூடத் தொடவில்லை.

நீ வந்து கமராவைப் பார்த்து, அப்பா படம் எங்கே என்று கேட்டாய். "பொலிஸ் அழிச்சிட்டாங்க" என்று என் வாய் சொல்லிவிட்டது. அப்பா பக்கத்தில் நின்றார். அவரைப் பார்த்து உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நாளைக்குச் சொல்வோம் என்று தள்ளினேன், அடுத்த மாதம் என்று தள்ளினேன். அடுத்த வருஷம் ஆடி மாதம் அவர் படுத்த படுக்கையானபோது ஒரு பகல் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் படம் மட்டும் இருந்தா ஒரு தரம் பாத்துருப்பேன், என்னா புள்ள?" என்றார். அப்போதும் சொல்லவில்லை. "பாவிங்க அழிச்சிட்டாங்களே" என்று நானும் கூடச் சேர்ந்து சொன்னேன். "போவட்டும், பல்லில்லாத மூஞ்சிதானே" என்று என்னைத்தான் அவர் தேற்றினார். சாவு வீட்டில் அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்து வைத்தோம். விறைத்துப்போய், யாரோ அதட்டியதைக் கேட்டு நிற்கிறவர் மாதிரி. அதன் முன்னால் நின்று நீ பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதெல்லாம் என் காதில் விழுந்தது. அது எனக்கு விழ வேண்டிய ஏச்சு என்று தெரிந்தும் மூலையில் சுருண்டு கிடந்தேன்.

உன்னைக் காப்பாற்ற அழித்ததற்கு நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன், நாளைக்கும் அதையே செய்வேன். பொய்யை அவரோடு சேர்த்துப் புதைக்க விட்டதற்கும், உன்னை ஒரு தப்பான ஆளை வெறுக்க விட்டதற்கும் கேட்கிறேன். நீ கல்யாணம் கட்டிக்கொண்டு வருகிற பிள்ளையிடமும் இந்த வெறுப்பைக் கொண்டுபோய் வைப்பாய், பிறகு உன் பிள்ளைகளிடமும் சொல்வாய். அதற்கு முன்னால் தெரிந்துகொள். நீ மன்னிக்க மாட்டேன் என்று எழுதிய கை, உனக்குச் சோறு ஊட்டிய கை.

இனி கமரா. முதலாவதை விடு, அத்தனை பெரிய மூக்கு வைத்தது சட்டைப் பைக்குள் போகாது. பையில் இல்லாத கமரா வீட்டில்தான் தூங்கும். இரண்டாவது மெல்லிசு, அழகுதான், ஆனால் அதற்கென்றே ஒரு பற்றரி, அதற்கென்றே ஒரு சார்ஜர் என்று போட்டிருக்கிறது. அந்தச் சிவப்பு மின்னலை நான் இன்னொரு முறை பார்க்க மாட்டேன். மூன்றாவதை வாங்கு. கொஞ்சம் தடிப்பு, ஆனால் சந்திக் கடையில் விற்கிற சாதாரண பற்றரி இரண்டு போட்டால் ஓடும். அத்தனை மெகாபிக்சல், இத்தனை மடங்கு என்று போட்டிருப்பதையெல்லாம் பார்க்காதே, நமக்கு அடுப்பும் கோழியும்தானே. பெட்டியைப் பிரித்த உடனே முதல் வேலையாகத் திகதியைச் சரியாகப் போடு. எடுக்கிறதையெல்லாம் அந்தச் சின்னப் பெட்டிக்குள் மட்டும் நம்பி வைக்காதே, மாதம் ஒரு தரம் நாலையாவது காகிதத்தில் எடுத்து வை.

அப்பாவின் படத்தைக் கடைசியாகப் பார்த்தவள் நான்தான். அதனால் என்னிடம் இருப்பதை எழுதித் தருகிறேன். இடது கை கம்பியில், வலது கையில் உன் அத்தை கட்டித் தந்த முறுக்குப் பொட்டலம். நீலச் சட்டை, மேல் பொத்தான் இல்லை. முடி ஈரம். தலை கொஞ்சம் உன் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. வாய் முழுதாகத் திறந்திருக்கிறது, இரண்டு பல் இல்லாத இடம் கறுப்பாகத் தெரிகிறது, கண் இரண்டும் சிரிப்பில் மூடியே போய்விட்டன. அவருக்குப் பின்னால் இருந்த அணைக்கட்டு எப்படி இருந்தது என்று கேட்டால் எனக்குச் சத்தியமாகத் தெரியாது. நான் அதைப் பார்க்கவில்லை.

கோபம் ஆறினால் வா, ஆறாவிட்டாலும் வா. வரும்போது கமராவைக் கொண்டு வா. எனக்கும் போன மாதம் முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. நீ எடு, நான் வாயைத் திறந்து சிரிக்கிறேன். அந்தப் படத்தை மட்டும் யாரையும் அழிக்க விடாதே, என்னையும்தான்.

அம்மா